பள்ளி நேரத்தில் கல்லூரியின் பின்கதவைத் திறந்துவைக்கக் கோருவது

அனுப்புநர்:
மா. பாண்டீஸ்வரி,
பதினோராம் வகுப்பு மாணவி,
உடையப்பன்பட்டி, ஆத்தங்குடி வழி,
காரைக்குடி வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
சிவகங்கை.

பொருள்: எங்கள் ஊரைத் தத்தெடுத்த கல்லூரி எங்களுக்கு எதிராகப் பூட்டிவைத்துள்ள கதவு குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஊருக்கும் அரசுப் பள்ளிக்கும் நடுவில் ஒரு தனியார் கல்லூரி உள்ளது. அதன் பின்கதவில் நுழைந்து, முன்வாசல் வழியாகப் பள்ளிக்குப் போய்வந்தோம். சென்ற ஆண்டு தரம் பார்க்கும் குழு வந்தபோது கதவைப் பூட்டினார்கள். எங்கள் கால் தூசி பட்டால் தரம் குறைந்துவிடும் போலும். குழு போய்விட்டது, பூட்டு போகவில்லை.

2. இப்போது மதுக்கடைச் சாலையைச் சுற்றிப் போகிறோம். அங்கே நிற்பவர்கள் பேசுவதை மனுவில் எழுத இயலாது. என்னுடன் படித்த நாகவல்லியின் துப்பட்டாவை ஒருவன் இழுத்தான். மறுநாளே அவள் படிப்பு நின்றது.

3. கல்லூரிக்கு எங்கள்மேல் பாசம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஊரைத் தத்தெடுத்ததாகப் பலகை வைத்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் ‘ஊரோடு உறவாடுவோம்’ என்று பதாகை பிடித்து வந்து, போன ஆண்டு தோண்டிய அதே குழியில் வேப்பங்கன்று நட்டுப் படம் எடுக்கிறார்கள். தண்ணீர் ஊற்ற ஆளில்லை. அக்கன்றைத் தின்னும் ஆடுகள் கல்லூரியால் பயனடைந்துள்ளன என்பதை நன்றியுடன் தெரிவிக்கிறேன்.

4. இம்முறை கல்லூரி மாணவர்கள், பெண் பிள்ளைகள் ஏன் படிப்பை நிறுத்துகிறார்கள் என்று ஆய்வு செய்ய வந்தார்கள். நாகவல்லியின் அம்மா ஈஸ்வரி, “ஒங்க கதவத் தொறந்து விடுங்க தம்பி, பிள்ளைக தானாப் படிச்சுக்கிரும்” என்றார். சிரித்தார்கள். ‘பெற்றோரிடம் விழிப்புணர்வு இல்லை’ என்று எழுதிக்கொண்டு, அதே கதவைத் திறக்கச் சொல்லி உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டார்கள்.

5. அந்தக் கதவின் சாவி என் அப்பா மாயக்கண்ணனிடம் இருக்கிறது. அவர் அங்கே காவலாளி. கதவைப் பூட்டிவிட்டு, நான் சுற்றிப் போகும் திசையைப் பார்த்து நிற்பார். வரும் பொங்கலுக்குப் பிறகு நானும் பள்ளிக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இது அவர்மேல் புகார் இல்லை. திறந்தால் அவர் வேலை போய்விடும்.

6. வீட்டார் உறங்கிய பின் இதை எழுதுகிறேன். பெயரில்லாத மனுவை எடுக்க மாட்டார்கள் என்பதால் பெயர் எழுதியுள்ளேன். பெயருள்ள மனுவை, யார்மேல் புகாரோ அவரிடமே விளக்கம் கேட்டு அனுப்புவது வழக்கம் என்கிறார்கள். தயவுசெய்து இதைக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டாம்.

ஆகவே, ஒரு நாள் காலை பள்ளி நேரத்தில், தாங்களே எங்கள் ஊர்ப் பக்கமிருந்து அந்தக் கதவுக்கு நடந்து வர வேண்டுகிறேன். தங்களுக்குக் கட்டாயம் திறப்பார்கள். இனி அந்நேரத்தில் பூட்டக் கூடாது என்று நிர்வாகத்தார் காதுபட என் அப்பாவுக்கு உத்தரவிட்டால், அவர் வேலையும் தப்பும், என் படிப்பும் தப்பும்.

அன்று தங்களுக்குப் பின்னால் சீருடையில் நின்றுகொண்டிருப்பேன். என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

இடம்: உடையப்பன்பட்டி
நாள்: 11.11.2025

பணிவுடனும் பயத்துடனும்,
மா. பாண்டீஸ்வரி