உள் மட்கார்டு

கோலா சிலாங்கூர்
பங்குனி, 1984

அன்புள்ள வாகீசுக்கு,

நான் சுகம். மகனின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து நீர் கிள்ளானுக்கு உம்முடைய அக்கா வீட்டுக்குப் போனதிலிருந்து, அவனுடைய பழைய மோரிஸ் கார் வெளியில்தான் நின்றது. நேற்று அதைச் சேதுவின் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். முன்சக்கரங்களுக்கு மேலே இருக்கும் உள் மட்கார்டு இரண்டும் துருப்பிடித்து உதிர்கின்றன.

“பிளாஸ்டிக் போட்டா துருவே பிடிக்காது ஐயா. இரும்பு வெயிட்டு, ஆனா கல்லடி தாங்கும் லா. எது போடட்டும்?” என்று கேட்டான்.

இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்தேன். மாறிமாறித் தூக்கிப் பார்த்தேன்.

“இனி யாரு ஓட்டப் போறா? விக்கிறதுன்னா பிளாஸ்டிக்கே போதும்.” எல்லாம் தெரிந்தவன்தான். மெதுவாகத்தான் கேட்டான்.

“என் மனுசி ஓட்டுவா. இரும்பே போடு” என்று சொல்லிவிட்டேன்.

ஏன் சொன்னேனோ தெரியாது. உமக்கு ஸ்டியரிங் பிடிக்கவே தெரியாது. சேது பிளாஸ்டிக்கை எடுத்து உள்ளே வைத்தான்.

வெள்ளிக்கிழமை கார் தயாராகுமாம். கிள்ளானுக்கு ஓட்டிக்கொண்டு வரட்டோ? வேண்டாமென்றால் எழுதும். எழுதாவிட்டால் வருவேன்.

இங்கேயே இருக்கும்,
உம்முடைய கணவன்