எஸ்டேட்டில் ஒரு மணிச் சாப்பாடு

ஜூன் 9, திங்கள்

கடையில் மயங்கி விழுந்தேன். மதியம் மூன்று மணி வாக்கில். நல்ல வெயில்தான், ஆனால் வெயில் காரணமில்லை. காலையில் இரண்டு இட்லி, சர்க்கரை மாத்திரை. பிறகு வெறும் டீ. லேத் பட்டறை தயாளனுக்கு மூட்டை எடை போட்டுக்கொண்டிருந்தேன். அடுத்து நினைவிருப்பது கடையில் துணி பிரிக்கிற எல்லம்மா முகம். என் வாயில் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தாள். தயாளன் ஓடிப்போய் ஜூஸ் வாங்கி வந்தான்.

விழுந்தது பனியன் துணி மூட்டை மேல். இரும்பு வியாபாரமாக இருந்திருந்தால் மண்டை போயிருக்கும்.

ஆவடி டாக்டர் திட்டினார். இந்த மாத்திரை போட்டால் ஒரு மணிக்குள் சாப்பிட்டே ஆகவேண்டுமாம், இல்லையென்றால் மாத்திரையே ஆளைத் தள்ளிவிடுமாம். எத்தனை நாளாக மதியம் சாப்பிடுவதில்லை என்று கேட்டார். நாள் கணக்கா? பதினெட்டு வருஷமாக அம்பத்தூர் எஸ்டேட்டில் மிஷின் துடைக்கிற வேஸ்ட்டுத் துணி விற்கிறேன். ஒரு மதியம்கூட உட்கார்ந்து இலையில் சாப்பிட்டதில்லை. இது எனக்கே இன்றைக்குத்தான் தெரிகிறது.

இரவு நித்யா வந்தாள். கத்தவில்லை. கத்தாத மகள்தான் பயம்.

"ஒரு வாரம் டைம் தரேன்மா. தெனம் ஒரு மணிக்கு எங்க சாப்பிடுவேன்னு எனக்குக் காட்டு. இல்லன்னா நானே வந்து ஷட்டர இழுத்துப் பூட்டிட்டு சாவிய எடுத்துக்கினு போயிடுவேன்."

செய்வாள். கடை வாடகைப் பத்திரம் அவள் பெயரில். நான்தான் போட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

டப்பா கட்டிக்கொண்டு போனேன். தயிர்சாதம், மாவடு. திறந்தவுடன் பஞ்சுத் தூசி வந்து உட்கார்ந்தது. சாதத்தின் மேல் நீல நூல், சிவப்பு நூல். குடோனில் சாப்பிட முடியாது, முடிந்தது.

எல்லம்மா பின்தெரு வேப்பமரத்தடியில், போல்ட் கம்பெனிப் பெண்களோடு சாப்பிடுகிறாள். அங்கே போகலாம்தான். போனால் அவர்கள் முதலாளியம்மாவைப் பற்றிப் பேச முடியாது. அந்த ஒரு மணி நேரம் அவர்களுடையது. கெடுக்கவேண்டாம்.

ஆகவே ஓட்டல். வந்தவர்களிடமெல்லாம் விசாரித்தேன்.

பிரஸ் ஷாப் நாயுடு: மெயின்ரோடு ஏ.சி. ஓட்டல்.
கியர் பட்டறை பாய்: பூந்தமல்லி பிரியாணி. (வழி சொல்லும்போதே கண் மூடிக்கொண்டார்.)
தயாளன், போனில்: அதே ஏ.சி. ஓட்டல். "உங்களுக்குன்னா அதான்க்கா கரெக்ட்டு. டீஜன்ட்டா இருக்கும்."

நீ எங்கே சாப்பிடுகிறாய் என்றேன். நாங்க எங்கியோ துன்னுக்குவோம், வுடுங்கக்கா என்று போனை வைத்துவிட்டான். பதினொரு வருஷமாக என்னிடம் வாங்குகிறான். ஒவ்வொரு மூட்டைக்கும் பூர்வீகம் கேட்கிற ஆள், தான் சாப்பிடுகிற இடத்தை 'எங்கியோ' என்கிறான். உறுத்துகிறது.

மாத்திரை வாங்கவேண்டும். ஸ்கூட்டர் பின் டயர் காற்று.

ஜூன் 11, புதன்

ஏ.சி. ஓட்டல். உள்ளே போனதும் "எத்தனை பேரு மேடம்?" ஒருத்தி என்றேன். காலியாக நாலு மேஜை. என்னைக் கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். எவன் வாய் கொப்பளித்தாலும் எனக்குக் கேட்டது.

என் கண் முதலில் போவது மேஜை துடைக்கிற துணிக்கு. தொழில் புத்தி. பாலியஸ்டர் கலந்த துண்டு. அது தண்ணீரை உறிஞ்சாது, அழுக்கை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குத் தள்ளும். வாடை வேறு.

உட்கார்ந்து அரை மணி கழித்துத்தான் சாதம். சாம்பாரில் வெல்லம். கூட்டு கிண்ணம், பொம்மைக் கிண்ணம். நூற்று எழுபது ரூபாய்.

இலையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறாள் நித்யா. அனுப்பினேன். உடனே பதில்: "பொரியல தொடவே இல்ல." வேவு பார்க்க ஒரு மகளைப் பெற்றேன்.

ஒன்று கவனித்தேன். சாப்பிட்டவர்கள் எல்லாம் கழுத்தில் கார்டு மாட்டிய கம்ப்யூட்டர் பிள்ளைகள். நாயுடு இல்லை. எண்ணெய்ச் சட்டை ஒன்றுகூட இல்லை. எனக்கு இந்த ஓட்டலைச் சொன்னவன் ஒருவனும் இங்கே சாப்பிடுவதில்லை. அப்படியென்றால் எஸ்டேட்டில் இத்தனை பட்டறைக்காரர்களும் ஒரு மணிக்கு எங்கே போகிறார்கள்?

ஜூன் 12, வியாழன்

லாரி ஆபீசில் இரண்டு பேல், துணிக் கட்டு, காணோம். பாரிமுனை போகவேண்டியதாயிற்று. அண்ணனூரில் ரயில் கால்மணி நின்றது, காரணம் யாருக்கும் தெரியாது. பேல் கிடைத்தது. வேறு ஒருவர் பெயரில் ஏற்றி வைத்திருந்தார்கள்.

ஒரு மணிக்கு, சௌகார்பேட்டைப் பக்கம் ஒரு சந்து, மாடிப்படி, நீளமான கல்மேஜை. இடமிருக்கிற இடத்தில் உட்காரவேண்டியது. எத்தனை பேர் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு இந்தப் பக்கம் ஒரு அம்மா, மடியில் ஜரிகை பார்சல். எதிரே வசூல் பையோடு இன்னொருத்தி. தனித்தனியாக வந்தவர்கள், தனித்தனியாகச் சாப்பிட்டார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வத்தக்குழம்பு, பூசணிக் கூட்டு, மோர். குழம்பு இரண்டாம் தடவையும் அதே கெட்டி.

இதுவரை சாப்பிட்டதில் முதலிடம். ஆனால் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். சாப்பாட்டுக்காகக் கடையை விட்டுவிட்டு ரயிலில் வாழமுடியாது.

வரும்போது யோசனை. பொம்பளை தனியாகச் சாப்பிடுவது அங்கே சேதியே இல்லை. இங்கே மட்டும் ஏன்?

ஜூன் 13, வெள்ளி

பூந்தமல்லிக்கு டெலிவரி. அப்படியே பாய் சொன்ன பிரியாணி. பொய் சொல்லவில்லை மனுஷன். திரும்பும் வழியில் வானகரம் சிக்னலில் பச்சை விழுந்தும் நின்றுகொண்டிருந்தேன், அவ்வளவு தூக்கம். பின்னால் ஆட்டோக்காரர்: "யக்கா, சிக்னல்லயே பாய் போட்டு படுத்துக்கினியா?" தினத்துக்கு ஆகாது. டாக்டருக்கும் ஆகாது. போட்டோ அனுப்பவில்லை.

திரும்பி வந்து செய்த வேலையை முதல் நாளே செய்திருக்கவேண்டும். வாயால் கேட்டதுதான் தப்பு. எங்கே சரக்கு போகிறது என்று தெரியவேண்டுமானால் வண்டி எங்கே நிற்கிறது என்று பார்க்கவேண்டும். சாப்பாட்டு நேரம் முடியுமுன் ஸ்கூட்டரில் எஸ்டேட்டை ஒரு சுற்று சுற்றினேன். டூல் ரூமுக்குப் பின்சந்து. இரண்டு பக்கமும் பைக். பச்சைத் தகர போர்டு வைத்த மெஸ். வாசலில் நாயுடுவின் வெள்ளை ஸ்கூட்டர். மட்கார்டு இல்லாத தயாளன் பைக். என் கடையிலிருந்து நடந்தே போகலாம்.

சாயந்திரம் மழை. இரண்டு மூட்டை நனைந்தது.

ஜூன் 14, சனி

பச்சை போர்டு மெஸ். காலை வைத்ததும் ஹாலில் பேச்சு குறைந்தது. கரண்டி வாளி வைத்திருந்த பெரியவர், "மேல ஃபேமிலி ரூம் கீதும்மா, அங்க போங்க" என்றார். நின்று சண்டை போடப் பசி விடவில்லை. போனேன்.

ஃபேமிலி ரூம் என்பது: மூன்று மேஜை, வெங்காய மூட்டை, குடும்பம் எதுவும் கிடையாது. ஹாலுக்கு மேலே பரண் மாதிரி. நடுவில் பிளைவுட் தடுப்பு. கீழே பேசுவது பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலக் கேட்கிறது.

சாப்பாடு: கத்தரிக்காய் முருங்கைக்காய் சாம்பார், கீரை மசியல், சுரைக்காய்க் கூட்டு, மிளகு ரசம், அப்பளம். நூறு ரூபாய். அரிசி பழையது, பருக்கை பருக்கையாக நிற்கிறது. மேஜை துடைத்த துணி சுத்தப் பருத்தி, துவைத்தது. பார்த்தால் என் சரக்கு. எவனோ பட்டறைக்காரன் இவர்களுக்குக் கொடுத்திருக்கிறான். வாங்கின விலையைவிட ஒரு ரூபாய் வைத்தே கொடுத்திருப்பான்.

ரசத்துக்கு வரும்போது கீழே தயாளன் குரல். கூட இன்னொருவன், குரல் புதிது, அவன்தான் ஆரம்பித்தான்.

"வேஸ்ட்டு உனுக்கு எவ்ளோ போடுது மாமே அந்தக்கா? எனுக்கு கிலோ அறுவத்தி ரெண்டு சொல்லிச்சி. ஒரு ரூவா எறங்கல."

"எத்தினி மணிக்குப் போன நீ?"

"காலைல."

"அதான். காலைல கத்தி மாரி பேசும். மூணு மணிக்குப் போ. அது மத்தியானம் துன்னாது. ரெண்டு தபா கேட்டன்னு வை, எடுத்துகினு போப்பான்னுடும். நான் அம்பத்தி ரெண்டத் தாண்டி குட்த்ததே இல்ல."

"பாவம் மாமே."

"பாவந்தான். திங்கக்கெயம என் கண்ணு முன்னாடியே வுயிந்துச்சி. இன்னா பண்றது, யாபாரம்."

அப்பளம் கையில். உடைத்தால் சத்தம் கேட்குமென்று அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன்.

பதினொரு வருஷத்தில் தயாளன் ஒரு நாளாவது காலையில் வந்திருக்கிறானா? இல்லை. மூன்று மணி. பல்லில் குச்சி. நாயுடுவும் அப்படியே. நான் எடை பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் என்னை எடை பார்த்திருக்கிறார்கள். இந்த மெஸ்ஸை யாரும் எனக்குக் காட்டாததும் இப்போது புரிகிறது. டீஜன்ட்டாம்.

எவ்வளவு போயிருக்கும் என்று கணக்குப் போடவில்லை. போட்டால் ரசம் இறங்காது. கோபம் வரும் என்று பார்த்தேன், முதலில் வந்தது ஆச்சரியம். நல்ல வேலைக்காரன் தயாளன். என் கடையில் எனக்குத் தெரியாத சங்கதியைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறான். அந்த 'பாவம்'தான் குத்துகிறது.

அவர்கள் கைகழுவிப் போகும்வரை உட்கார்ந்திருந்தேன். பெரியவர் இரண்டாம் அப்பளம் கொண்டுவந்தார்.

ஜூன் 15, ஞாயிறு

கோவில்பதாகை வீட்டுக்கு நித்யா மீன் வாங்கிக்கொண்டு வந்தாள். சங்கரா. நாளைக்குக் கெடு.

பரண் கதையைச் சொன்னேன். முதலில் சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. பிறகு சட்டென்று நிறுத்திவிட்டாள்.

"சாப்பாடு நல்லா இருந்ததா?"

"இருந்தது."

"அப்ப அங்கயே சாப்பிடு. ஆனா மேல ஏறாத. ஒளிஞ்சு சாப்பிடறவ கடை நடத்த வேணாம்."

கடையை மதியம் ஒரு மணி நேரம் பூட்டுவது என்று பேச்சு. பூட்டினால் வியாபாரம் போகுமே என்றேன். பூட்டாமல்தானே போயிருக்கிறது என்றாள். சாவி என்னிடமே இருக்கும், ஆனால் ஒரு நாள் தவறினாலும் அவள் கைக்குப் போகும். ஒப்புக்கொண்டேன்.

மீன் குழம்பில் புளி தூக்கல்.

ஜூன் 16, திங்கள்

மேகமூட்டம், புழுக்கம்.

பன்னிரண்டரைக்கு ஷட்டர் இறக்கினேன். எல்லம்மா கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், டப்பாவை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனாள்.

மெஸ்ஸில் முதல் பந்தி. ஹால் பாதி காலி. பெரியவர் மாடியைக் காட்டினார். ஃபேமிலி வரவில்லை, நான் மட்டும்தான் வந்திருக்கிறேன் என்று ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தேன். அவர் கல்லாவைப் பார்த்தார். கல்லாக்காரர் தோளைக் குலுக்கினார். இலை வந்தது. பக்கத்து இலைக்காரன் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான், பிறகு ஊறுகாயைத் தள்ளி வைத்தான். அவ்வளவுதான். இதற்கா பதினெட்டு வருஷம்!

வாழைப்பூப் பொரியல். நிதானமாகச் சாப்பிட்டேன். மாதத்துக்கு மொத்தமாக டோக்கன் வாங்கிக்கொண்டேன், கீழ் ஹாலுக்கு என்று சொல்லியே. கைகழுவி வாசலுக்கு வந்தபோது ஒன்றரை ஆகவில்லை. படியோரம் நின்றேன். வழியை நன்றாக மறித்துக்கொண்டு.

தயாளன் பைக்கை நிறுத்திவிட்டு வேகமாக வந்தான். என்னைப் பார்த்ததும் முகம் போன போக்கு!

"இன்னாக்கா, இங்க?"

"சாப்ட்டேன் தயாளா. உனக்கு அடுத்த லோடு வேணுமே. வெலயப் பேசி முடிச்சுடலாமா?"

"மூணு மணிக்கு வரேன்க்கா, கடைல பேசிக்கலாம்."

"மூணு மணிக்கு எனக்கு வேலை கீது. இப்பவே பேசு. அறுபத்திரண்டு."

அவன் கண் என்மேல் இல்லை, என் தோளுக்கு மேலே இலை போட்ட பந்தியில். உள்ளே பொரியல் வாளி காலியாகும் சத்தம். ஐம்பத்திரண்டு என்றான். துணியில் பட்டன் வருகிறது, எலாஸ்டிக் வருகிறது, மிஷினில் சிக்குகிறது என்று பட்டியல் போட்டான். அது நியாயம்தான், காது கொடுத்துக் கேட்டேன். பாதிப் பட்டியலில் அவன் வயிறு சத்தம் போட்டது. இரண்டு பேருமே கேட்டோம். நான் நகரவில்லை.

"யாரு சொன்னாங்கக்கா உங்களாண்ட?"

"மேல ஃபேமிலி ரூம்ல ஒக்காந்திருந்தேன், சனிக்கெழம."

அண்ணாந்து பிளைவுட்டைப் பார்த்தான். பிறகு தலையைச் சொறிந்தான். சிரிக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அது வேண்டாம் எனக்கு. இரண்டாம் தடவை விலையைச் சொன்னேன். உள்ளிருந்து பெரியவர், பொரியல் கடைசிக் கரண்டி என்றார்.

முடிந்த விலை: கலர் வேஸ்ட்டு கிலோ அறுபது. பட்டனையும் எலாஸ்டிக்கையும் பொறுக்கி நீக்கிக் கொடுப்பது என் பொறுப்பு, வண்டி வாடகை அவனுடையது, தீபாவளி வரை மாற்றமில்லை.