கூடத்துத் தரையில் சிப்பித்தூள்

அப்பா,

மேசைமேல் உள்ளங்கை அகலத்தில் ஒரு தரைச்சில்லு கிடக்கிறது. மேற்பக்கம் சிவப்பு, உடைந்த பக்கம் சாம்பல் நிறம். போன வாரம் கூடத்துத் தரையை உடைத்தபோது எடுத்து வைத்தது. வீடு முழுக்க இப்போது புதுச் சிமெண்டின் ஈரவாடை. அந்த வாடையோடு சில்லை எடுத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன். கரிக்கிறது. ஒன்பது வருடம் கழித்தும் கரிக்கிறது.

நீங்கள் கண்மூடி இரண்டு வருடம் ஆகிவிட்டது. உங்களோடு சண்டை போட இவ்வளவு நல்ல காரணம் இப்போது வந்து கையில் கிடைத்திருக்கிறது. எதிரில் நீங்கள் இல்லை. இந்த எரிச்சலை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல்தான் எழுதுகிறேன்.

கோட்டைப்பட்டினத்தில் நாம் இந்த வீட்டைக் கட்டியபோது எனக்குப் பதினைந்து வயது. அறந்தாங்கியில் ஒரு டாக்டர் வீட்டுச் சிவப்புச் சிமெண்டுத் தரையைப் பார்த்துவிட்டு வந்து அன்று முழுவதும் அதையே பேசிக்கொண்டிருந்தீர்கள். "ஏத்தா, குனிஞ்சா மொகம் தெரியுது!" சர்க்கார் பெர்மிட்டில் வந்த சிமெண்டு மூட்டைகளை நம் கடையில் வலைக்கயிற்றுக் கட்டுகளுக்கு நடுவே அடுக்கிவைத்துக் காவல் காத்தீர்கள். வீடு கட்டுவதைப் பற்றி நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்துவந்து உங்களுக்கு வாசித்துக் காட்டினேன். கடலோர வீட்டில் கரை மணலைக் கலந்து தரை போட்டால், எவ்வளவு அலசினாலும் பின்னால் உப்பு மேலே வரும், ஆற்று மணல்தான் வேண்டும் என்று அதில் இருந்தது. கயிறு சுற்றிய கை நிற்காமலே கேட்டுவிட்டுச் சொன்னீர்கள். "அதுக்குத்தான் வெள்ளாத்து மண்ணுக்குச் சொல்லி வச்சிருக்கேன்." எனக்குப் பெருமையாக இருந்தது.

மழை முந்திக்கொண்டது. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதால் மணல் வண்டிகள் இறங்க முடியவில்லை. பால் காய்ச்ச நாள் குறித்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் கார்டு போட்டாகிவிட்டது. நாளைத் தள்ளிப்போட உங்களுக்கு மனம் இல்லை. ஒரு காலையில் வாசலில் மணல் குவிந்திருந்தது. ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டேன்.

"அப்பா, கரிக்குது."

கொத்தனார் சிரித்தார். "மண்ணு திங்கிற வயசா பாப்பா ஒனக்கு?"

நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். "ரெண்டு தண்ணி விட்டு அலசச் சொல்லியிருக்கேன். நீ உள்ள போய்ப் படி, ஆத்தா."

அன்று சாயங்காலமே ஆற்று மணலோடு ஒரே ஒரு வண்டி எப்படியோ வந்து சேர்ந்தது. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தபோது அந்த மணல் இல்லை. கேட்டதற்கு, "முன்சுவத்துப் பூச்சுக்குப் போயிருச்சு" என்றீர்கள். நம்பினேன்.

பால் காய்ச்சிய அன்று தரை பளபளத்ததை மறைக்க மாட்டேன். வந்தவர்களிடமெல்லாம் "பாத்து வாங்க, வழுக்கும்" என்று சொல்லிச் சொல்லி உங்கள் தொண்டை கட்டிப்போனது.

முதல் மழைக்காலம் முடிந்ததும் கூடம் பூத்தது. சுவரோரம் வெள்ளையாக, பஞ்சு ஒட்டியது போல. அம்மா காலையில் கூட்டித் தள்ளினால் சாயங்காலம் திரும்ப வந்துவிடும். பிறகு தரை கொப்புளம் கொப்புளமாக எழும்பி உரிந்தது. அடுப்படியிலும் அதே கதி. என் அறை மட்டும் போட்ட மாதிரியே சிவந்து கிடந்தது.

"மண்ணுதாம்ப்பா காரணம்" என்றேன். கையைப் பிடித்து என் அறை வாசலுக்கு அழைத்துப்போனீர்கள். "ஒன் அறையப் பாரு. அதே மண்ணு, அதே கலவை, அதே ஆளு போட்டது. இங்கிட்டு ஏன் பூக்கல? ஒன் அறைய நீ காஞ்ச துணியில தொடைக்கிற. ஒங்கம்மா அங்கிட்டுக் கெணத்துத் தண்ணிய ஊத்தித் தேய்க்கிறா. கெணத்துத் தண்ணி பூராம் உப்பு. வேற என்ன வித்தியாசம் சொல்லு."

எனக்குத் தெரிந்து வேறு வித்தியாசம் இல்லை. அம்மா துடைப்புத்துணியோடு கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். நான் அவளிடம் திரும்பி, "நல்ல தண்ணியில தொடைச்சுத்தான் பாரேம்மா" என்றேன். அதைச் சொன்னது நான், அப்பா. நீங்கள்கூட அவ்வளவு தூரம் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து ஊருணிக்கு அம்மா இரண்டு நடை கூடுதலாக நடந்தாள். குடிக்க ஒரு குடம், சமைக்க ஒரு குடம், தரைக்கு இரண்டு குடம். ஊருணிப் படியில் பெண்கள் கேலி செய்வார்கள். "என்னக்கா, ஒங்க வீட்டுத் தரை நல்ல தண்ணிதான் குடிக்குமாக்கும்?" "ஆமாடி, அது டாக்டர் வீட்டுத் தரையில்ல!" என்று அம்மாவும் சிரித்துக்கொண்டே குடத்தை இடுப்பில் ஏற்றுவாள். உப்பு நிற்கவில்லை. "பழைய உப்பு இன்னும் உள்ள கெடக்கு" என்றீர்கள். இரண்டு முறை ஒட்டுப் போட்டுப் பார்த்தீர்கள், அதுவும் உரிந்தது. விருந்தாளி வந்தால் என் அறைக் கதவைத் திறந்து காட்டுவீர்கள். "தரைன்னா இதான். கூடம் இவ கைவண்ணம்." எல்லோரும் சிரிப்பார்கள். அம்மா காப்பி கொண்டுவர உள்ளே போய்விடுவாள்.

நீங்கள் போன பிறகும் அவள் நிறுத்தவில்லை. போன மாதம், நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போயிருந்த நேரத்தில், ஊருணிப் படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கிப்போனது. கட்டுப்போட்ட கையோடு, "நாளைக்குத் தரைய யாரு தொடைக்கிறது?" என்று கேட்டாள். இந்தத் தரையே வேண்டாம் என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

அறந்தாங்கியிலிருந்து வந்த கொத்தனாருக்கு நம் வீட்டுக் கதை எதுவும் தெரியாது. அடுப்படியையும் கூடத்தையும் உடைத்துக்கொண்டே என் அறை வாசல்வரை வந்தவர், கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டுக் கூப்பிட்டார்.

"டீச்சரம்மா, ரெண்டையும் ஒரே ஆளா போட்டது?"

"ஒரே ஆளுதாங்க."

"மண்ணு வேறங்க. கூடத்துல பாருங்க, சிப்பித்தூளு மின்னுது, கடக்கரை மண்ணு. வாசப்படிக்கு அங்கிட்டு ஒரு சிப்பி கெடையாது. சுத்தமான ஆத்து மண்ணு."

உடைந்த விளிம்பில் இரண்டும் சேரும் இடம் கோடு கிழித்தாற்போலத் தெரிந்தது. குனிந்து இரண்டையும் ருசி பார்த்தேன். கூடம் கரித்தது, என் அறை கரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் வந்த ஒரு வண்டி மணல் ஓர் அறைக்குத்தான் போதும். அப்படியானால் நான் வாசித்த ஒவ்வொரு வரியையும் நீங்கள் நம்பியிருக்கிறீர்கள். கரை மணல் என்ன செய்யும் என்று தெரிந்தேதான் கூடத்தில் போட்டீர்கள். கிடைத்த கொஞ்சம் நல்ல மணலை என் அறைக்குக் கொடுத்தீர்கள். என் புத்தகப் பெட்டி தரையில்தான் இருக்கும் என்பதற்காக இருக்கலாம். இதை நினைத்து நான் அழ வேண்டும். அழுகை வரவில்லை, கோபம்தான் வருகிறது. எனக்குச் செய்த நல்லதையே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்ல நிறுத்தினீர்களே! "நீ சொன்னதுதான்த்தா சரி, நான் அவசரப்பட்டுட்டேன்" என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? பத்து வார்த்தைகூட இல்லையே, அப்பா.

அம்மாவிடம் சொன்னேன். ஒரு சில்லை எடுத்து, கட்டுப் போடாத கையின் விரலால் சிப்பித்துகளைச் சுரண்டிப் பார்த்தாள்.

"அப்ப நான் சொமந்தது?"

சில்லைக் கீழே வைத்துவிட்டு அவளே சொன்னாள். "இருக்கட்டும். நானும் ஒருநா அங்கிட்டுத்தான போவணும். ஒங்கப்பாகிட்ட மொதக் கேள்வி இதான்."

என் அறையையும் உடைக்கவா என்று கொத்தனார் கேட்டார். "அது என்ன தப்புப் பண்ணுச்சு? கெடக்கட்டும்" என்றாள்.

புதுத் தரையை அவள் சொன்னபடியே போட்டோம். நிறம் எதுவும் இல்லாத வெறும் சிமெண்டுத் தரை. "மொகம் தெரிய வேணாம், காலு வழுக்காம இருந்தாப் போதும்." மணல் வந்ததும் கொத்தனாருக்கு முன்னால் ஒவ்வொரு வண்டியிலும் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை.

தரை இறுகப் பத்து நாள் அதன்மேல் தண்ணீர் கட்டி வைக்க வேண்டும், நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். குடத்தை நான்தான் சுமக்கிறேன். ஊருணியில் கேட்டார்கள், "என்ன டீச்சரம்மா, ஒங்க தரைக்கு இன்னும் தாகம் தீரலையா?"

இன்றைக்கு மூன்றாம் நாள்தான். அதற்குள் இடுப்பு விட்டுப்போகிறது, அப்பா.