அத்தைக்குப் பொருந்தாத சொல்

திருவள்ளூர்
12-2-1971

சிரஞ்சீவி கிருஷ்ணஸ்வாமிக்கு அம்மாவின் ஆசீர்வாதம். இங்கே எல்லோருக்கும் உடம்பு சௌக்கியம், மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. பிலாயில் குளிர் விட்டதா? இன்று காலை எழுந்ததும் முதல் காரியமாகப் பின்கட்டுக்குப் போய்ப் பங்கஜவல்லி அத்தையின் கையிலேயே காப்பி டம்ளரைக் கொடுத்தேன், தீட்டுக்காரிக்கு வைப்பதுபோல் தரையில் வைத்துத் தள்ளவில்லை. பெருமாள் கைங்கரியம் பண்றவன் ஆத்துல இப்படியா என்று உன் அப்பா கத்தினார். கத்தட்டும் என்று தலைக்குக் குளித்துவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தேன்.

எளாவூரில் அவள் அகமுடையான் போனதுக்குத்தான் இந்தப் பத்து நாள் தீட்டு. மூன்று மாதம் வைத்திருந்து துரத்திவிட்ட மனுஷர். உன் பாட்டி இதே வீட்டில் படுக்கையாகக் கிடந்தபோது மலமூத்திரம் எடுத்தவள் அத்தை, பெற்ற அம்மாவான அந்தப் பாட்டி போனபோது அவளுக்கு மூன்றே நாள், ஏனென்றால் கல்யாணமானவள், கோத்திரம் மாறியவள். அவளோ சிரிக்கிறாள், உசிரோட இருக்கறச்சே என்னை ஏறெடுத்துப் பாக்காதவர் செத்தப்புறம் பத்து நாள் உக்காத்தி வெச்சுட்டாரே மன்னி என்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தீட்டுக் கழிந்ததும் அவளை எளாவூருக்கே, மைத்துனன் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்கிறார் அப்பா. அங்கே சமைக்க ஆள் இல்லையாம், இப்போதுதான் உறவு ஞாபகம் வந்திருக்கிறது. உன் அபிப்பிராயம் கேட்டு எழுதினார், நீயும் இங்கிலீஷில் பதில் போட்டாய், அத்தை இந்த வீட்டுக்கு 'அன்ரிலேடட்', சம்பந்தமில்லாதவள், நாம் தலையிட வேண்டாம் என்று. அதைப் படித்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. அந்த வார்த்தையை உனக்குச் சொல்லிக்கொடுத்தவளே பி.ஏ. இங்கிலீஷ் படித்த நான்தான். ஒரே நாளில் மழை பெய்தது, ரயிலும் தாமதம், ஆனால் மழையால் தாமதமில்லை என்றால் அங்கே அது சரி. ஒரே பெயருள்ள இரண்டு குடும்பம், ரத்த சம்பந்தமில்லை என்றால் அங்கேயும் சரி. 'ரிலேட்' என்றால் கதை சொல்வது என்றும் உண்டு, அதனால் சொல்லப்படாத கதைக்கும் அந்தச் சொல் உண்டு என்று அகராதியில் காட்டினேனே. உனக்கு அம்மை போட்டபோது வேப்பிலையோடு ராப்பகலாக உட்கார்ந்திருந்தவளுக்கு அதை எந்த அர்த்தத்தில் போட்டாய்? உன் அப்பாவுக்காவது சாஸ்திரம் இருக்கிறது. உனக்கு என்ன இருக்கிறது? தொல்லை வேண்டாம் என்பதற்கு ஒரு நல்ல இங்கிலீஷ் வார்த்தை, அவ்வளவுதான். அப்படிப் பார்த்தால் என் அப்பா போனபோது எனக்கும் மூன்றே நாள்தான். அழுகை அதற்குள் முடியவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

வேளைக்குச் சாப்பிடு. இரவில் ஸ்வெட்டர் இல்லாமல் ஷிஃப்டுக்குப் போகாதே. அடுத்த கடிதத்தை அப்பாவுக்கு எழுதாதே, அத்தை பெயருக்கு எழுது, தமிழில் எழுது. ஆனால் இந்த விலாசத்துக்கு வேண்டாம். கும்மிடிப்பூண்டியில் பெண்கள் பள்ளிக்கு இங்கிலீஷ் டீச்சர் வேண்டுமென்று போன மாதம் என்னைக் கேட்டிருந்தார்கள், யோசித்துச் சொல்கிறேன் என்றிருந்தேன். இன்று அடுப்படியில் யோசித்து முடித்துவிட்டேன். பதினோராம் நாள் காலை அத்தை பஸ் ஏறுவாள், எளாவூருக்கு இல்லை, அவள் பக்கத்து சீட்டில் நான் இருப்பேன். அப்பாவுக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

பெருமாள் உன்னைக் காப்பாற்றட்டும்.

அம்மா
கோதைநாயகி