இடது பக்கத்து மாதம்

ஜூன் 9, திங்கள்

அனல். மேலூர்ப் பள்ளியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு மதுரைக்கு. முதல் தடவையாக டாக்டரிடம். கல்யாணத்துக்கு முன்பு கட்டி முறுக்கிக்கொண்டதில் என் இடது சினைப்பையை எடுத்தார்கள். "கட்டின்னு மட்டும் சொல்லு, பையை எடுத்ததை வெளிய சொல்லாத" என்று அத்தை, என் மாமியார், போட்ட தடை. அதனால்தான் இத்தனை தாமதம்.

"எவ்வளவு நாளா முயற்சி பண்றீங்க?"

"மூணு வருசம் டாக்டர். ஒரு மாசம் விட்டு ஒரு மாசம்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "ஏன் விட்டு விட்டு?"

கூட வந்த என் வீட்டுக்காரர்தான் விளக்கினார். அவனியாபுரத்தில் லேத் பட்டறை, எதற்கும் விளக்கம் உண்டு. "ரெண்டு பையும் மாத்தி மாத்தித்தானம்மா முட்டை விடும்? இடது மாசத்துல பலன் இல்லைல்ல. அந்த மாசம் நான் பட்டறையிலயே படுத்துக்கிருவேன்."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கப் பட்ட பாடு! முறை வைத்தெல்லாம் வராதாம். ஒன்று போனால், இருக்கிற ஒன்றே அநேகமாக மாதாமாதம் முட்டை விடுமாம்.

நான் கணக்கு டீச்சர். மூன்று வருடத்தில் பாதியைத் தூக்கிப் போட்டிருக்கிறேன். வெட்கம். இவர் மேல் கோபம். அதற்கும் மேலே சந்தோஷம், பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன்.

இந்த மாதம், எங்கள் கணக்கில், இடது மாதம்.

ஜூன் 13, வெள்ளி

ஸ்கேன். வலது பக்கம் கறுப்பாக ஓர் உருண்டை, பத்தொன்பது மி.மீ. அதற்குள்தான் முட்டை. ரெண்டொரு நாளில் வெளியே வந்துவிடுமாம்.

வாங்க: ஃபோலிக் மாத்திரை, சிவப்புப் பேனா 2, அத்தைக்கு மூட்டுத் தைலம்.

ஷேர் ஆட்டோவிலிருந்து இவருக்குப் போன். "பட்டறையில படுத்துராதீங்க."

"இடது மாசமுல்ல?" பழக்கதோஷம்.

"வாங்கன்னா வாங்க மாமா!" ஆட்டோவே திரும்பிப் பார்த்தது.

ஜூலை 1, செவ்வாய்

தேதி தள்ளி இரண்டு நாள். காலையில் இரண்டு கோடு. நம்பாமல் இன்னும் இரண்டு கிட். மொத்தம் ஆறு கோடு. ஒன்பதாம் வகுப்புக்கு வீட்டுப்பாடமே கொடுக்கவில்லை.

அத்தை அழுதுவிட்டு உடனே உத்தரவு: "மூணு மாசம் முடியட்டும். ஒருத்தருகிட்டயும் மூச்சு விடப்படாது." இவர் எங்கள் ஆனையூர் முழுக்கச் சொல்லத் துடிக்கிறார்.

எனக்குள் ஒரு பயம். ஒற்றைப் பை. முட்டை கொடுத்துவிட்டது, சரி. இதற்கு மேலும் தாங்குமா?

ஜூலை 16, புதன்

மழை வருகிற மாதிரி வந்து ஏமாற்றியது. ஸ்கேன் அறைக்குள் இவரை விடவில்லை, அத்தை வந்தார்.

திரையில் அரிசி அளவு. நடுவில் விடாமல் ஒரு துடிப்பு.

"அந்தா மினுக்மினுக்குங்குதே, அதுவா?" என்றார் அத்தை.

"அதான் இதயம்." டாக்டரம்மா கருவியை நகர்த்தினார். என் வலது சினைப்பை. முட்டை வெளியேறின இடம் இப்போது ஒரு சுரப்பியாக மாறியிருக்கிறதாம். "இன்னும் கொஞ்ச வாரத்துக்குக் கருவைத் தாங்குற ஹார்மோன் இதுல இருந்துதான் வருது. நல்லா வேலை செய்யுது."

அத்தை திரையையே பார்த்தார். என் கையைப் பிடித்திருந்தார், வலித்தது. கதவைத் திறந்துகொண்டு எனக்கு முன்னால் போனார். வெளியே இருபது பேர் இருப்பார்கள்.

"எம் மருமகளுக்கு ஒரே ஒரு சினைப்பைதேன்!" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "முட்டையும் அதுதேன் குடுத்துச்சு, பிள்ளையையும் அதுதேன் தாங்குது!"