சம்பந்தி வந்த இரவும் தெருவின் விளக்குகளும்

நரின்,
நவம்பர் 24

அன்பு மகள் பெகிமாய்க்கு,

அம்மா சௌக்கியம். நானும் இடுப்பைத் தவிர சௌக்கியம். அது தனிக்குடித்தனம் போய்விட்டது, சொன்ன பேச்சு கேட்பதில்லை.

நிலக்கரி அடுப்புக்குப் பதிலாக உங்கள் அலுவலகம் கொடுத்த மின்சாரக் கணப்புகள் இரண்டாம் முறையாகத் தெருவையே இருட்டாக்கிவிட்டன. டிரான்ஸ்ஃபார்மர் புகைந்தது. எல்லோரும் பழையபடி கரி மூட்டினோம். எதிர்வீட்டு ஜூரா வாசலில் நின்று, "எசென் அண்ணே, உங்க மக கொடுத்த பெட்டி கரியை ஒழிக்கும்னு பாத்தா, விளக்கையும் சேத்து ஒழிச்சிருச்சே!" என்றாள். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு மின்சாரக் கணக்கு தெரியுமா? இருமுவதுபோல் நடிக்கப் பார்த்தேன். அந்தப் புகையில் நடிக்க வேண்டியே இருக்கவில்லை.

உன் அப்பா,
எசென்

பிஷ்கெக்,
டிசம்பர் 2

அன்புள்ள அப்பா,

இன்னொரு முறை புகைந்தால் கணப்புகளை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள். தெருப் பிள்ளைகள் மறுபடி கரிப்புகையைத்தான் குடிப்பார்கள். "உங்க ஊர்க்காரங்களுக்குப் பிடிவாதம், அபராதம் போடலாம்" என்கிறார் மேலாளர். வீட்டுக்கு இரண்டு அறைச் சூட்டை டிரான்ஸ்ஃபார்மர் தாங்கும் என்று கணக்குப் போட்டது நாங்கள். மூன்றாவதாக விருந்தாளி அறையையும் ஏன் சூடாக்குகிறீர்கள் என்று யாரையும் கேட்கவில்லை. கம்பியைப் பார்த்தோம், கம்பியோடு வாழ்கிறவர்களைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை வருகிறேன். ஜூரா அத்தையையும் மற்றப் பெண்களையும் அம்மா தேநீருக்குக் கூப்பிடட்டும். இடுப்புக்கு வெந்நீர் ஒற்றடம் கொடுங்கள்.

பெகிமாய்

நரின்,
ஜனவரி 19

என் கண்ணே,

அன்று தேநீரின்போது நீ கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. "விருந்தாளி அறையில கடைசியா யாரு தூங்குனா, அத்தை?"

"யாரும் இல்லடி. திடீர்னு வந்துட்டா? ஐஸ் அறையிலயா உக்கார வைக்கிறது?" என்றாள் ஜூரா.

நான் வாயைத் திறந்தேன். நீ என் முழங்காலில் தட்டினாய். "அப்ப என்ன செய்யலாம்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாய். நானாக இருந்தால் ஆடு வேகும்வரை பேசியிருப்பேன். பெண்களே முடிவு செய்தார்கள்: குளிர்காலத்தில் வீட்டுக்கு வீடு முறைவைத்து விருந்து போடுகிறோமே, அந்த வாரம் யார் முறையோ அவர்கள் வீட்டு விருந்தாளி அறை மட்டும் சூடாக இருக்கட்டும், யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் அங்கேயே தங்கட்டும்.

போன வியாழன், துப்பினால் தரைக்கு வருமுன் உறையும் குளிர். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார் உன் மாமனார்! முறையோ ஜூரா வீட்டுக்கு. பெண்ணைக் கொடுத்தவன் சம்பந்தியை எதிர்வீட்டுக்கா கூட்டிப்போவது? என் கை எங்கள் விருந்தாளி அறைக் கணப்பின் சுவிட்சுக்குப் போய்விட்டது.

"போடுங்க, போடுங்க. தெருவும் இருட்டு, மக மூஞ்சியிலயும் கரி" என்றாள் உன் அம்மா.

கையை எடுத்தேன். தெருவைக் கடக்கும்போது அவர், "என்ன சம்பந்தி, வீட்டை வித்துட்டீங்களா?" என்றார். திக்கித் திணறி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை முந்திக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். உன் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

ஜூரா பெரிய விருந்தாளிக்கு உரிய ஆட்டுத்தலையை அவர்முன் வைத்து, "இது எசென் அண்ணன் வீட்டு மரியாதை" என்றாள். அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். தெரு முழுக்க விளக்குகள் எரிந்தன. பிறகு கத்தியை எடுத்து ஆட்டின் ஒரு காதை அறுத்தார். சொல் கேட்டு வளரட்டும் என்று வீட்டுப் பிள்ளைகளுக்குத்தானே அதைக் கொடுப்போம்? ஜூராவின் பிள்ளைகள் கையை நீட்டினார்கள். அவர் கொடுக்கவில்லை.

"இது என் மருமகளுக்கு. ஊரு பேசுறதைக் காது கொடுத்துக் கேட்டவ அவதான்."

துணியில் சுற்றி மினிபஸ்காரரிடம் கொடுத்திருக்கிறேன், வாங்கிக்கொள். மறு காதை உன் அம்மா ஜூராவிடம் கேட்டு வாங்கி என் தட்டில் வைத்தாள்.

அதை இன்னும் மென்றுகொண்டே எழுதும்,
அப்பா