இக்கரையிலேயே நின்ற கமரா

அந்தத் தூரக் காட்சிகளில் கை வைக்காதே என்று அன்று நான் உன்னிடம் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டு முன்னறையில், உன் முதற்படத்தை மடிக்கணினியில் போட்டுக் காட்டினாய். நீ, உன் தங்கை, நான். காதலர் இருவர், நடுவில் வாவி. நாற்பது நிமிடமும் கமரா இக்கரையை விட்டு நகரவில்லை. அவன் முதுகுதான் எங்களுக்கு, பக்கத்தில் ஒரு கொக்கு. அவள் அக்கரையில் விரலளவு உருவமாக நடந்தாள். வாவியைக் கடக்கும் பாதைப் படகு அவளை ஏற்றி வருகிறதா, வெறுமையாக வருகிறதா என்பதில்தான் சண்டையும் சமாதானமும். படகு கரை தொடும்வரை நீ காட்சியை வெட்டவே இல்லை. காத்திருப்பைப் பற்றி எவ்வளவோ வாசித்திருக்கிறேன். கண்ணால் கண்டது அன்றுதான்.

பிறகு அவள் இறங்குமுன் குனிந்து, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். அது என் பழக்கம். உன் தங்கை திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்கு முகம் எரிந்தது.

“என்ன கா, பேசாம இருக்காய்? எப்பிடி இருக்கு?” என்றாய்.

“என்னத்தச் சொல்ல? ஒருத்தர்ர மூஞ்சியும் தெரியல்ல. கொக்குதான் வடிவா நடிச்சிருக்கு.”

தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். நீயும் சிரித்தாய்.

“அப்ப மூஞ்சி வேணும் எண்டுறாய்?”

“ஓம்.”

இரண்டு மாதத்தில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. படமாவது இருக்கிறது என்று மனதைத் தேற்றியிருந்தேன். வெள்ளிக்கிழமை களுவாஞ்சிக்குடியில் உன் நண்பர்கள் அதைத் திரையிட்டார்கள். அக்கரைக்காகக் காத்திருந்தேன். திரை முழுக்க அவள் கண்கள் வந்தன. பிறகு அவன் முகம். மறுபடி அவள் முகம். பின்னால் ஒரு பச்சைத் திரைச்சீலை. வாவியே இல்லை.

பக்கத்திலிருந்த உன் தங்கையின் கையைப் பிடித்தேன். “எங்க தங்கச்சி அந்தப் படம்?”

“இதான் அக்கா. நீங்க வந்துபோன மத்த நாளே நடிச்ச ரெண்டு பேரையும் கூப்பிட்டு, மூஞ்சியெல்லாம் புதுசா எடுத்தாரு.”

“பழசு?”

“டிஸ்க்கில இடமில்ல எண்டு அழிச்சிட்டாரு. உங்களப் பத்தித்தான், ‘அவள் வாசிக்கிறவள், அவள் சொன்னா சரியாத்தான் இருக்கும்’ எண்டாரு.”

உன் தங்கையும் அன்று பார்த்தவள்தான். அவளுக்கு இப்போது என் கொக்குப் பகிடி மட்டுமே நினைவிருக்கிறது. நீ எடுத்த படம் இனி என்னிடம் மட்டும்தான்.

மண்டபத்தில் விளக்குகளைப் போட்டார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.